ஆமைக்கு ஜோடி வேண்டுமா?

ஆமை வளர்க்கிறோம் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன சாப்பிடும்?" அடுத்ததாகக் கேட்பது, "தனியா இருக்கே, பாவமா இல்லையா?" எங்கள் வீட்டில் இரண்டு ஆமைகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வி தப்பாமல் வரும். ஏனென்றால் இரண்டும் தனித்தனி அடைப்புகளில், நடுவே பலகைச் சுவரோடு இருக்கின்றன. ஒன்று இருப்பது இன்னொன்றுக்குக் கண்ணில் படாது. மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஒரே வீட்டுல வச்சுக்கிட்டு எதுக்குடா பிரிச்சுப் போட்டிருக்க, ஏங்கிப் போயிடும்" என்றார். ஆமை புகுந்த வீடு என்ற பழமொழியைச் சொல்லி முதலில் வருத்தப்பட்டவரும் அம்மாதான். இப்போது ஆமைகளுக்காகப் பரிந்து பேசுகிறார்.

அந்தப் பரிவு எனக்கும் புரிகிறது. ஆனால் அதே பரிவால்தான் நிறைய ஆமைகள் வளராமல், கடிபட்டு, சில செத்தும் போகின்றன. எங்கள் கண்முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். மகளின் பள்ளித் தோழி குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த நாட்டுக்குள் செல்லமாக வளர்க்கும் ஆமையைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. அதனால் பீனட், ஆலிவ் என்ற இரண்டு ஹெர்மன் ஆமைகள், அவை வாழும் மேசை (சுற்றிலும் பலகை அடித்த, மேலே திறந்த பெட்டி), விளக்கு, சான்றிதழ்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஹெர்மன் ஆமை என்பது கிரீஸ், பால்கன் நாடுகள், இத்தாலி பக்கம் வறண்ட புதர்க்காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழும் நில ஆமை. முழுதாக வளர்ந்தால் விரித்த கையளவுதான் இருக்கும். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும். இங்கே அதை விற்க, வாங்க ஆர்ட்டிக்கிள் 10 என்ற சான்றிதழ் வேண்டும்.

இரண்டும் ஒரே முட்டைத் தொகுதியில் பொரித்தவை. குஞ்சிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. ஆனால் வந்த அன்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது பீனட் 210 கிராம், ஆலிவ் 120 கிராம். "அது சின்ன ஜாதி, இது பெரிய ஜாதி போல" என்று பழைய வீட்டார் நினைத்திருந்தார்கள். "ரொம்பப் பிரியமா இருக்கும், ராத்திரி கட்டிப்பிடிச்சுத்தான் தூங்கும்" என்றும் சொன்னார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. ஆலிவ் சாப்பிடும்போது பீனட் போய் முகத்தோடு முகம் வைத்து நின்றது. சில சமயம் முதுகில் ஏறி உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லாம் கொஞ்சுகிறது என்று போட்டோ எடுத்தார்கள்.

எடை வித்தியாசம் மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எடை ஏறாததற்குக் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம் என்று மலத்தைச் சோதித்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. (புழு இருந்தால் ஆமைக்கு ஃபென்பென்டசோல் கொடுப்பார்கள். ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டினை ஆமைக்குக் கொடுத்தால் செத்தே போகும். வீட்டில் இருக்கிற மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.) அப்புறம் அவர் ஒன்று கேட்டார்: "பகலில் நீங்கள் இல்லாதபோது என்ன நடக்கிறது?"

பழைய போன் ஒன்றை மேசைக்கு மேலே கட்டி, வேலைக்குப் போகும்போது வீடியோவை ஓடவிட்டுப் போனோம். மாலையில் வேகமாக ஓட்டிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. காலையில் விளக்கு எரிந்ததும் இரண்டும் வெளியே வரும். பீனட் நேராகப் போய் விளக்குக்குக் கீழே இருக்கிற கல்லில் உட்காரும். ஆலிவ் பக்கத்தில் வந்தால் பீனட் எழுந்து போய் அதன் முன்னால் குறுக்கே நிற்கும். அது திரும்பினால் அந்தப் பக்கமும் போய் நிற்கும். முன்னங்காலில் ஒரு கடி. ஆலிவ் தலையை இழுத்துக்கொண்டு குடிலுக்குள் போய்விடும். பீனட் வயிறார வெயில் காய்ந்து, சாப்பிட்டு, நிழலுக்குப் போனபிறகுதான் மறுபடி வெளியே வரும். அதற்குள் கீரை வாடியிருக்கும், பாதி நாள் போயிருக்கும். சாப்பிடப் போனால் முகத்தோடு முகம். நாங்கள் கொஞ்சல் என்று பார்த்தது முழுக்க வழிமறிப்பு. முதுகில் ஏறுவதும் அதே சேர்த்திதான்.

அப்படியானால் ராத்திரிக் கட்டிப்பிடிப்பு? அந்த மேசையில் குடில் ஒன்றுதான். இருட்டாக, கொஞ்சம் ஈரமாக, கதகதப்பாக இருந்த மூலையும் அது ஒன்றுதான். இரண்டும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். சோதனையாக எதிர்மூலையில் இன்னொரு குடில் வைத்தோம். ஆலிவ் அன்று ராத்திரியே அங்கே போய்விட்டது. பீனட் பின்னாலேயே போய் அதையும் பிடித்துக்கொண்டது.

தெருவுக்கு ஒரே குழாய் இருந்து, அதை ஒருவரே பிடித்து வைத்துக்கொண்டால் மற்ற வீடுகள் என்ன ஆகும்? ஆலிவுக்கு நடந்தது அதுதான். ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. விளக்குக்கு அடியில் சுமார் 35 டிகிரி வெப்பம் வேண்டும். அங்கே காய்ந்தால்தான் தின்றது செரிக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும். யூவிபி என்ற புற ஊதா ஒளி பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகி, கால்சியம் ஓட்டுக்கும் எலும்புக்கும் போகும். தட்டு நிறையக் கீரை போட்டாலும் காய இடம் கிடைக்காத ஆமை பட்டினிதான். ஆலிவ் சின்ன ஜாதி இல்லை. பகல் முழுவதும் குளிரில் ஒளிந்திருந்த ஆமை.

கடித்துக் கிழித்தால் நமக்கே தெரியும், பிரித்துவிடுவோம். ஆனால் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் நடக்கும். அடிமைப்பட்ட ஆமை கத்தாது, ஓடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கும். அதனால் இரண்டு ஆமையை ஒன்றாக வைத்திருப்பவர்கள் கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். வாரம் ஒரு தடவை, அதே நேரத்தில், நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்று ஏறி இன்னொன்று நின்றுவிட்டால் அதைவிடத் தெளிவான புகார் கிடைக்காது. ஒரு ஆமை எப்போதும் மண்ணுக்குள்ளேயே கிடப்பது, மூலையைப் பார்த்துத் திரும்பி நிற்பது, மற்றது தூங்கியபின் மட்டும் சாப்பிட வருவது, கால்களிலும் வாலருகிலும் சிறு காயம் தெரிவது, இவையும் அதே புகார்தான்.

பிரித்தோம். இதில் ஒரு விஷயம் முக்கியம். கண்ணாடியோ கம்பிவலையோ வைத்துப் பிரித்தால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். எதிராளி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பலமான ஆமை நாள் பூராவும் தடுப்பில் முட்டும், பலவீனமானது ஒளிந்தே கிடக்கும். அதனால் ஒளி புகாத பலகை. ஆலிவுக்குப் புது விளக்கு, புதுக் குடில், சமையலறையில் உபயோகமில்லாமல் கிடந்த கடப்பாக் கல் ஒன்று. பீனட் முதல் சில நாட்கள் புதுச் சுவரோரமாக நடந்து பார்த்தது, அப்புறம் விட்டுவிட்டது. ஆலிவ் முதல் வாரம் பழைய வழக்கப்படி மதியத்துக்குமேல்தான் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் விளக்கு எரிந்ததும் வந்து கல்லில் ஏறி, நான்கு காலையும் கழுத்தையும் நீட்டிப் படுத்தது. அது அப்படிக் கால் நீட்டிப் படுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. எடை ஏற ஆரம்பித்தது. ஒன்றையொன்று தேடிய அடையாளம் எதுவும் இல்லை. சாப்பாடு குறையவில்லை, ஏக்கம் இல்லை. மகள்தான் கொஞ்ச நாள் ஏங்கினாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பது ஆமையின் பிறப்பை யோசித்தாலே தெரியும். தாய் ஆமை குழி தோண்டி முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. குஞ்சு தானாக மண்ணைக் கீறி வெளியே வந்து, தானாகப் புதருக்குள் மறைந்து, தானாகத் தின்னக் கற்றுக்கொள்ளும். நாய்க்குட்டிக்கும் குருவிக்குஞ்சுக்கும் தாயின் சூடு எப்படி அவசியமோ, அப்படி ஒன்று ஆமைக்கு வாழ்நாளில் கிடையாது. ஹெர்மன் ஆமையின் பேரினத்தைச் சேர்ந்த மத்தியதரைக்கடல் ஆமைகளின் குஞ்சுகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இதை அழகாகக் காட்டியது. கூடவே வளர்ந்த குஞ்சைப் பார்த்தால் அவை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. முன்பின் தெரியாத குஞ்சைப் பார்த்தபோது முதலில் கொஞ்சம் ஆராய்ந்துவிட்டு, விலகிப் போய்விட்டன. முட்டையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத குஞ்சுகள்!

அதற்காக ஆமை அக்கம்பக்கம் எதையும் உணராத ஜடம் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் வெளியான ஆன்னா வில்கின்சன் குழுவின் ஆய்வில், தென்னமெரிக்காவின் செங்கால் ஆமைகள் வேலியைச் சுற்றிப் போய் உணவை எடுப்பதை, அதைச் செய்த இன்னொரு ஆமையைப் பார்த்தே கற்றுக்கொண்டன. பார்க்காமல் தாமாக முயன்ற ஆமைகளால் அது முடியவில்லை. அல்டாப்ரா ராட்சத ஆமைகள் கொளுத்தும் வெயிலில் ஒரே மரநிழலில் கூட்டமாகக் கிடக்கும். அமெரிக்கப் பாலைவன ஆமைகள் சில சமயம் ஒரே வளையில் தங்கும். ஆனால் அங்கே பிடிக்காவிட்டால் எழுந்து போய்விட வழி இருக்கிறது. காட்டில் சண்டை வந்தால் தோற்ற ஆமை நடையைக் கட்டும். நாலடி மேசையில் எங்கே போகும்? ஆமையின் கூட்டு வாழ்க்கையைப் பற்றிய பேச்சு எல்லாம் என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியில்தான் போய் நிற்கிறது.

கென்யாவின் மொம்பாசாவில் 2004 சுனாமிக்குப் பிறகு, ஓவன் என்ற அநாதை நீர்யானைக் குட்டி ம்ஸீ என்ற முதிய ராட்சத ஆமையோடு ஒட்டிக்கொண்டது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உண்மையிலேயே நெகிழ்வான கதை. ஆனால் துணையைத் தேடிப் போனது நீர்யானைக் குட்டி. கலாபகஸில் பிந்தா தீவின் கடைசி ஆமையான ஜார்ஜைத் 'தனியன்' என்று பெயரிட்டே உலகம் இரங்கியது. அதோடு வேறு தீவுகளின் பெண் ஆமைகளை விட்டுப் பார்த்தார்கள். முட்டைகள் வந்தன, ஒன்றும் பொரியவில்லை. 2012-இல் அது இறந்தது. அங்கே பெரிய இழப்பு ஓர் இனம் அழிந்தது. அதன் மனதில் தனிமை இருந்ததா என்பது நாம் ஏற்றிச் சொன்னது.

சரி, ஆணும் பெண்ணுமாக வைத்தால்? நம்மவர்கள் ஜோடி என்று சொல்வது இதைத்தான். ஹெர்மன் ஆமையில் ஒரு ஆண், ஒரு பெண் என்பதுதான் பெண்ணுக்கு மிகக் கொடுமையான ஏற்பாடு. குளிர்காலம் முழுக்கத் தூங்கி வசந்தத்தில் உறக்கம் கலைந்த ஆண், பெண்ணைத் துரத்தித் துரத்திக் கால்களைக் கடிக்கும், ஓட்டில் முட்டும். ஆணின் வால்நுனியில் கொம்பு மாதிரி ஒரு கூர் இருக்கிறது. ஓயாமல் ஏறினால் பெண்ணின் வாலடியில் புண் வந்துவிடும். இரண்டு ஆண் என்றால் நேரடிச் சண்டை. தோற்றது மல்லாந்து விழுந்து, விளக்குக்கு அடியிலேயே கிடந்தால் சூட்டில் செத்துவிடும். இரண்டு பெண் ஓரளவு ஒத்துப்போகலாம், ஆனால் உறுதி கிடையாது.

குஞ்சாக வாங்கும்போது எது ஆண், எது பெண் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் வளர்ந்து, வால் நீண்டு, வயிற்று ஓடு உள்வாங்கிய பிறகுதான் தெரியும். அதற்குச் சில வருஷங்கள் ஆகும். இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆமைகளில் ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த வெப்பம் தீர்மானிக்கிறது. சுமார் 31.5 டிகிரிக்குக் கீழே ஆண்கள் அதிகம், மேலே பெண்கள் அதிகம். ஒரே இன்குபேட்டரில் பொரித்த இரண்டை வாங்கினால் இரண்டுமே ஆணாகவோ இரண்டுமே பெண்ணாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "ஜோடியா வாங்கிக்கோங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், எதை வைத்து ஜோடி என்கிறார் என்று கேளுங்கள்.

கூட்டமாக வைத்து நன்றாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாட்டிங்காம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒருவர், ஒரு ஆண், நான்கு பெண் என்று வளர்ந்த ஆமைகள் வைத்திருக்கிறார். பார்க்கப் போயிருந்தேன். தோட்டத்தின் பாதியை ஆமைகளுக்கே விட்டிருக்கிறார். கிரீன்ஹவுஸ் ஒன்று அவற்றின் வீடு. லேவண்டர், ரோஸ்மேரி புதர்கள், கற்குவியல், மரக்கட்டைகள் என்று எங்கே நின்றாலும் பாதி ஆமைகள் கண்ணில் படாதபடி இடத்தை உடைத்து உடைத்து வைத்திருக்கிறார். வெயில் காய நிறைய மேடுகள், பல குடில்கள், உணவு ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடக்கிறது. ஆண் ஆமை வருஷத்தின் பெரும்பகுதி தனி அடைப்பில். ஆபத்துக்கு எப்போதும் இரண்டு காலி அடைப்புகள் தயார். எத்தனை வருஷமாக ஒத்துப்போனாலும் திடீரென்று ஒரு வசந்தத்தில் பகை வரும் என்றார். அந்த இடமும் அந்த உழைப்பும் இருந்தால் கூட்டம் வைக்கலாம். என்னிடம் அது இல்லை, வரவேற்பறையில் மேசை போட்டு வளர்க்கும் யாரிடமும் இல்லை.

வேறு இனத்தைக் கலந்து வைப்பது இடமிருந்தாலும் கூடாது. ஹெர்மன், கிரேக்க ஆமை, ஹார்ஸ்ஃபீல்டு ஆமை மூன்றும் பார்க்க உறவுக்காரர்கள் மாதிரி இருக்கும். ஆனால் ஓர் இனம் பெரிய அறிகுறி இல்லாமல் சுமக்கும் ஹெர்பஸ் வைரஸ் இன்னோர் இனத்தைக் கொன்றுவிடும். ஹெர்மன் ஆமைகள் இதில் ரொம்பப் பலவீனம். மூக்கொழுகல் உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமியும் இப்படித்தான் பரவும். ஒரே இனமாக இருந்தாலும் புதிதாக வரும் ஆமையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேறு அறையில், வேறு பாத்திரத்தோடு வைக்க வேண்டும். கை கழுவாமல் ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடக்கூடாது. துணைக்கென்று இன்னொன்றை வாங்கி அன்றே உள்ளே விடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

"எங்க ஆமை ஒண்ணுதான் இருக்கு, ஆனா நாள் பூரா கண்ணாடியைப் பிராண்டிக்கிட்டே இருக்கு, தனிமை தாங்கலைன்னு நினைக்கிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். பிராண்டுவது நிஜம். காரணம் வேறு. கண்ணாடியை ஆமைக்குப் புரியாது. அந்தப் பக்கம் தெரிகிறது, போக முடியவில்லை என்பதால் முட்டிக்கொண்டே இருக்கும். சில சமயம் தன் பிம்பத்தையே இன்னொரு ஆமையாக நினைக்கும். சுற்றிலும் ஓரடி உயரத்துக்குக் கண்ணாடியை மறைத்தாலே பல ஆமைகள் அடங்கிவிடும். அப்புறம் இடம் போதுமா, ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் குளிர்ச்சி இருக்கிறதா, தோண்ட மண் ஆழமாக இருக்கிறதா, யூவிபி விளக்கு பழசாகி ஒளி தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த பெண் ஆமை தனியாக இருந்தாலும் முட்டையிடும். ஆண் துணை முன்பு எப்போதாவது இருந்திருந்தால் அதன் விந்தணுக்களைச் சில வருஷங்கள் உடம்பில் வைத்திருக்கும் என்பதால் முட்டை பொரிக்கவும் கூடும். அப்படிப்பட்ட ஆமை அமைதியில்லாமல் திரிந்தால் அது தேடுவது முட்டையிடத் தோதான மண்ணைத்தான். கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்து.

ஆலிவுக்கும் பீனட்டுக்கும் நாங்கள் சுவாரசியம் சேர்ப்பது இடத்தில்தான். டேன்டிலயன், க்ளோவர், மல்பெரி இலை, செம்பருத்திப் பூ என்று கிடைப்பதைத் தட்டில் வைக்காமல் மூலைக்கு மூலை போடுகிறோம். ஒரு கல்லுக்குப் பின்னால், ஒரு மரக்கட்டைக்கு மேல். தேடி நடந்து தின்னட்டும். கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கிடக்கும், கால்சியத்துக்காகக் கடித்துக்கொள்ளும். வெயில் நாளில் தோட்டத்தில் தனித்தனி அடைப்பு. மாதம் ஒரு தடவை கற்களை இடம் மாற்றினால் அன்று முழுவதும் சுற்றிச் சுற்றி ஆராயும். குளிர்கால நீண்ட உறக்கத்துக்காக ஃப்ரிட்ஜில் சுமார் 5 டிகிரியில் வைக்கும்போதும் தனித்தனிப் பெட்டிதான்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2019-இல் உலக வர்த்தகத் தடைப் பட்டியலிலும் மேலே ஏற்றப்பட்டது. தோட்டத்தில் கிடைத்த ஒன்றுக்குத் துணை தேடி இன்னொன்று வாங்கினால், சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடும் அந்தக் கடத்தலுக்கே காசு கொடுத்ததாகும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமை வைத்திருந்தால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஆண் சல்காட்டா 40 கிலோவையும் தாண்டும். இரண்டு ஆணை ஒரே இடத்தில் விட்டால் முட்டி மோதிக் கவிழ்த்துவிடும். கடைகளில் 'ஆமை' என்று விற்கும் செங்காதுத் தண்ணீர் ஆமைக்கும் துணை அவசியமில்லை. சிறு தொட்டியில் ஒன்றையொன்று வாலையும் காலையும் கடிக்கும். சலித்துப்போனால் கோயில் குளத்தில் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கிற நம் ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ஒன்றைக் கொடுத்துவிட வேண்டியதும் இல்லை. மேசைக்கு நடுவே ஒரு பலகை, இன்னொரு விளக்கு, இன்னொரு குடில். அளவு பத்தாவிட்டால் இரண்டாவது மேசை. எங்களுக்குச் செலவானது விளக்குக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும்தான், மேசை பழைய புத்தக அலமாரியைப் படுக்கவைத்துச் செய்தது.

லண்டனில் இருக்கும் ஒரு தம்பி போன வசந்தத்தில் போன் செய்தார். "அண்ணே, எங்க ஹார்ஸ்ஃபீல்டு தனியா இருக்குன்னு பிள்ளைங்க அழுவுதுங்க, ரெண்டாவது ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கட்டுமா?" வாங்குவதானால் முதலில் இரண்டாவது மேசை, விளக்கு, ஆறு மாதம் வைக்கத் தனி அறை, சோதனைச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டிப் பார்த்திருக்கிறார். அந்தக் காசில் ஆமை வாங்காமல், தோட்டத்தில் வெயில் விழும் பக்கம் எட்டடிக்கு நாலடி அடைப்பு கட்டினார். ஹார்ஸ்ஃபீல்டு வளை தோண்டித் தப்பிக்கும் என்பதால் பலகையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கச் சொல்லியிருந்தேன், அதையும் செய்தார். பிள்ளைகள் இப்போது அதற்குள் என்ன விதை போடலாம் என்று என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள்.